காது நலமா?

ஜனவரி 9

தங்கைக்கு அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கு எப்போது என்ன குறை வந்தது? உன் பிள்ளை, மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன்.

பதினாலு மாதம் கழித்துக் கடிதம் வருகிறதே என்று கையை உதறாதே. இங்கே யாரும் சாகவில்லை. செத்தால் உனக்குச் சேதி சொல்லி அனுப்புவேன். மறைத்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

விஷயம் இதுதான். என் பேத்தி, வாலு என்று கூப்பிடுவோமே, ஐரோப்பாவுக்கு வடக்கே நடுக்கடலில் ஒரு தீவு நாட்டில் வேலை பார்க்கிறாள். கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி வளர்க்கிற வேலை. வெளியே பனி, உள்ளே தக்காளி. பூமிக்கு அடியிலிருந்து தண்ணீர் தானே கொதித்துக்கொண்டு வருகிறதாம், அதைக் குழாயில் விட்டுக் கூடாரத்தைச் சூடு பண்ணுகிறார்களாம். வீட்டுக் குழாயிலும் அதே வெந்நீர்தான், அழுகின முட்டை நாற்றம் அடிக்குமாம். இதற்கா அவ்வளவு தூரம் போவது என்று கேட்டேன். உடனே ஒரு அருவிப் படம் அனுப்பினாள். அருவிக்குப் பின்னால் பாதை போகிறது, உள்ளே போய் நின்றுகொண்டு தண்ணீர் விழுவதைப் பார்க்கலாம். அதைப் பார்த்ததும் எனக்குப் போகணும் என்று ஆகிவிட்டது. ஐம்பது வருஷம் பட்டன் துளைக்குக் காஜா போட்ட கண், ஒரு அருவியைப் பார்த்துவிட்டு மங்கட்டும்.

ஆனால் வாலு ஒரு கொக்கி போட்டாள். "பாட்டி, சின்னப் பாட்டியும் வந்தாத்தான் டிக்கெட். இல்லாட்டி ரெண்டு பேரும் வீட்டிலேயே கிடங்க" என்கிறாள். "அவளோட நான் பேசி இருபத்தொன்பது வருஷம் ஆச்சுடி" என்றேன். "பேச வேண்டாம், பக்கத்து சீட்டுல உக்காந்து வாங்க, போதும்" என்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சண்டையின் மரியாதை தெரியவில்லை.

ஆகையால் கூப்பிடுகிறேன். ஆசையில் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மா போன மறுநாள் உன் வாசலில் நின்று, நாற்பது பேர் முன்னால், "இனி உன்னோட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தீவில் இருக்கிற எட்டு நாளும் பேசமாட்டேன். ஒரு சிலேட்டு வாங்கி வருகிறேன். குளிர்கிறது, பசிக்கிறது என்றால் அதில் எழுதிக் காட்டிக்கொள்ளலாம்.

இஷ்டம் இருந்தால் பதில் போடு.

அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்குத் தங்கையின் வணக்கம். உன் கடிதம் கண்டு இரண்டு தடவை படித்தேன், பிறகு மருமகளைப் படிக்கச் சொல்லி ஒரு தடவை கேட்டேன். எல்லாரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை விடாதே.

வருகிறேன் அக்கா. சிலேட்டோடு வந்தாலும் வருகிறேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே மகனிடம் சொன்னேன். அவன், "அம்மா, உனக்கு பாஸ்போர்ட்டே கிடையாது" என்றான். "எடுடா" என்றேன். மறுநாள் போட்டோ எடுக்கப் போனோம். சிரிக்கக் கூடாது என்றார் போட்டோக்காரர். எனக்கு வாயை மூட முடியவில்லை. நாலு தடவை எடுத்தார். "பாட்டிம்மா, ஜெயிலுக்குப் போற மாதிரி நினைச்சுக்கிட்டு உக்காருங்க" என்றார், அதற்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மருமகளுக்குத்தான் ஆச்சரியம். "அத்தை, பேசாத ஆளோட எட்டு நாள் எப்படி இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டு அவளே, "நான் உங்க பிள்ளையோட எட்டு வருஷமா இருக்கேனே, பழகிடும்" என்கிறாள்.

மாவு மில்லை மகனும் அவளும் பார்த்துக்கொள்கிறார்கள். நான் காலையில் போய்ப் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வருகிறவர்களிடம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவதோடு சரி. என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று எழுது.

தங்கை


பிப்ரவரி 6

தங்கைக்கு. நலம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

போட்டோவுக்குச் சிரித்தாயாக்கும். அம்மா போன மறுநாள் நான் வந்தபோதுகூட நீ அழுது முடித்துக் காபி குடித்துக்கொண்டிருந்தாய். நீல விளிம்பு போட்ட டம்ளர். எனக்கு ஒன்றும் மறக்காது.

ஜூன் பத்தாம் தேதி கிளம்புகிற மாதிரி வாலு பார்த்திருக்கிறாள். ஜூனில் அங்கே சூரியன் அஸ்தமிக்காதாம். திரையை இழுத்துவிட்டுத்தான் தூங்க வேண்டுமாம். காற்று காரின் கதவைப் பிய்த்துக்கொண்டு போகுமாம், அதனால் கதவை இரண்டு கையாலும் பிடித்துத்தான் திறக்க வேண்டுமாம். கறுப்பு மணல் கடற்கரை ஒன்று இருக்கிறது, அங்கே கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது, அலை பின்னால் வந்து ஆளை அள்ளிவிடுமாம். முதுகுக்குப் பின்னால் நடப்பது எனக்குப் பழக்கம்தான், நான் சமாளித்துக்கொள்வேன். நீ ஜாக்கிரதை.

கம்பளிச் சட்டை இரண்டு, மழைச் சட்டை ஒன்று, வழுக்காத பூட்ஸ், செருப்பு அல்ல. உன் அளவு அனுப்பு, கம்பளிச் சட்டைக்குப் பட்டன் வைத்துத் தருகிறேன். கடையில் வைக்கிற பட்டன் ஒரு காற்றுக்குத் தாங்காது. இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளாதே, வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக.

இன்னொன்று. அங்கே வெந்நீர்க் குளத்தில் இறங்குவதற்கு முன்னால் பெண்கள் எல்லாரும் ஒரே அறையில் ஒட்டுத்துணி இல்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டுமாம். சட்டமாம். ஒரு அம்மாள் நின்று பார்த்துக்கொண்டிருப்பாளாம், சரியாகத் தேய்த்தோமா என்று. நான் கரையில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ வேண்டுமானால் இறங்கு.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். அளவு எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். குளத்தைப் பற்றிப் படித்துவிட்டு நானும் மருமகளும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும் கரையில் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அக்கா, போன கடிதத்தில் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். எனக்குக் காது போகிறது. நாலைந்து வருஷமாகவே மந்தம்தான். போன வாரம் காது டாக்டரிடம் கூட்டிப்போனான் மகன். முப்பத்தைந்து வருஷம் மாவு மெஷின் பக்கத்தில் நின்றதில் நரம்பு தேய்ந்துவிட்டதாம். "கருவி வைச்சாலும் பிரயோஜனம் இல்லைம்மா. இந்த வருஷக் கடைசிக்குள்ள முழுசா போயிடும். கேக்க வேண்டியதை எல்லாம் இப்பவே கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் என்ன கேட்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் கத்துவதைத் தினமும் கேட்கிறேன். பாட்டு எனக்கு அவ்வளவு தெரியாது. உன் குரல்தான் நினைவுக்கு வந்தது. அது எப்படி இருக்கும் என்றே மறந்துவிட்டது அக்கா. கடைசியாகக் கேட்டது நீ வாசலில் நின்று கத்தினது. அது மட்டும் காதில் தங்கி மற்றதெல்லாம் போய்விட்டது.

அம்மா போன அன்றைக்கு உன் தெரு இஸ்திரிக் கடைக்காரருக்கு நான் போன் போட்டது சத்தியம். அங்கே அவர் கடையில் மட்டும்தானே போன். "அம்மாவுக்கு முடியலை, அக்காவை உடனே கிளம்பி வரச் சொல்லுங்க" என்றேன். மேலே ஏறிப் போய்ச் சொல்லிவிட்டேன் என்று அவர் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார். யாரும் வந்து சொல்லவே இல்லை என்றாய் நீ. உன்னை நம்புவேனா, அவரை நம்புவேனா? உன்னைத்தான் நம்பினேன். ஒரு ஆளை அனுப்பியிருக்க வேண்டும், போனை நம்பியது என் தப்பு. பெற்றவள் சாவை மறைத்தவள் என்று நம் ஆட்கள் சொன்னதையும் வாங்கிக்கொண்டேன். என் மகள் கல்யாணத்துக்கு யாரும் வரவில்லை, அதையும் வாங்கிக்கொண்டேன்.

மன்னிக்கச் சொல்லவில்லை. ஜூனில் அந்தத் தீவில் ஒரே ஒரு தடவை "தங்கச்சி" என்று கூப்பிட்டுவிடு. திட்டினாலும் பரவாயில்லை. இந்தக் காது போவதற்குள் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை


மார்ச் 6

தங்கைக்கு. நலம். இந்தத் தடவை உடனே எழுதுகிறேன்.

உன் காது எப்படி இருக்கிறது? எந்தக் காது முதலில் போகிறது, வலதா இடதா? பக்கத்தில் நின்று கூப்பிட்டால் கேட்கிறதா, அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிறதா? பெண் குரல் கேட்கிறதா, ஆண் குரல் மட்டும்தானா? வருஷக் கடைசி என்றால் எந்த மாதம் என்று டாக்டர் சொன்னாரா? ஒன்று விடாமல் எழுது.

இஸ்திரிக்காரன் பொய் சொன்னான். செத்துப்போனவனைப் பற்றி நமக்கு என்ன பேச்சு? அதை விடு.

ஜூனில் வாலுவுக்கு லீவு இல்லையாம். தக்காளி காய்க்கிற நேரம் என்கிறாள். ஆகஸ்டில் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

காதில் எண்ணெய் கிண்ணெய் ஊற்றாதே.

அக்கா


மார்ச் 19

அன்பு அக்காவுக்கு. நீ இவ்வளவு அக்கறையாக விசாரித்ததைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. மருமகளிடம் படிக்கக் கொடுத்தேன். "டாக்டர்கூட இவ்வளவு கேள்வி கேக்கலை அத்தை, உங்க அக்காவுக்கு உங்க மேல உசுரு" என்றாள்.

இடது காதுதான் முதலில் போகிறது. அந்தப் பக்கம்தான் மெஷின். வலதில் பக்கத்தில் நின்று பேசினால் கேட்கிறது. அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் கூப்பிடுவது தெரிகிறது, யார் என்று தெரியாது. மெல்லிய குரல்கள்தான் முதலில் மறைகின்றன. கடைக்குட்டிப் பேத்தி பேசுவது போய்விட்டது. மாதம் எது என்று டாக்டர் சொல்லவில்லை. கோடை தாண்டினால் சந்தேகம்தான் என்றார்.

அதனால்தான் அக்கா, ஜூன் என்றால் நன்றாக இருக்கும். வாலுவிடம் நானே கேட்கட்டுமா? போன் நம்பர் கொடுத்தால் மகனை விட்டுப் பேசச் சொல்கிறேன். லீவு இல்லையென்றாலும் பரவாயில்லை, அவள் வேலைக்குப் போகட்டும், நாம் இரண்டு பேரும் அறையில் இருந்துகொள்வோம். எனக்கு அருவிகூட வேண்டாம்.

தங்கை


மே 4

தங்கைக்கு. நலம். உன் காது எப்படி இருக்கிறது?

நம்பர் எல்லாம் வேண்டாம். அவளைத் தொந்தரவு பண்ணாதே. வேலைக்குப் போகிற பிள்ளை, மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உன் கம்பளிச் சட்டைக்குப் பட்டன் வைத்தாயிற்று. எட்டுப் பட்டன், எட்டுக்கும் கையாலேயே காஜா எடுத்திருக்கிறேன். நீ அளவில் இரண்டு அங்குலம் குறைத்து எழுதியிருக்கிறாய், உன்னை எனக்குத் தெரியாதா? கூட்டியே தைத்திருக்கிறேன். நம் வீட்டில் பள்ளிக்கூடச் சட்டை தைத்தபோதும் இப்படித்தான், மெலிசாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அக்குளில் கிழித்துக்கொண்டு வந்தாய். அடி வாங்கினது நான், ஒழுங்காகத் தைக்கவில்லை என்று. எனக்குப் பதிமூன்று வயது.

ஆகஸ்டிலும் தோதுப்படாது போலிருக்கிறது. அந்த மாதம் அங்கே கூட்டமாம், தங்க அறை கிடைக்காதாம். அவசரப்படாதே. தீவு எங்கேயும் நீந்திப் போய்விடாது.

வலது காதில் இப்போது எவ்வளவு கேட்கிறது என்று எழுது.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு. எல்லாரும் சுகம். பாஸ்போர்ட் ஏப்ரலிலேயே வந்துவிட்டது. தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறேன். படத்தில் ஜெயிலுக்குப் போகிறவள் மாதிரிதான் இருக்கிறேன்.

இடது காது முழுக்க முடிந்துவிட்டது. வலதில் கதவு சாத்துவது, பாத்திரம் விழுவது, மகன் கத்திப் பேசுவது கேட்கிறது. மற்றதெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி வருகிறது.

அக்கா, தீவுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பஸ் பிடித்து நான் உன் வீட்டுக்கே வந்துவிடட்டுமா? வாசலிலேயே நிற்கிறேன். மாடியிலிருந்து ஒரு தடவை கூப்பிடு. உடனே திரும்பிவிடுகிறேன், காபிகூட வேண்டாம்.

தங்கை


ஆகஸ்ட் 29

தங்கைக்கு. நலம். ஒன்றரை மாதமாக எழுத முடியவில்லை, பேனா தீர்ந்துவிட்டது.

என் வீட்டுக்கு வராதே. பேச்சு தீவுக்குப் போவதைப் பற்றித்தான். அக்டோபர் இருபதாம் தேதிக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். இனி மாறாது. அந்த மாதத்தில் குளிர் அதிகம், பகல் குறைவு, ஆனால் கூட்டம் இருக்காது.

கிளம்புவதற்கு முன்னால் காது டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. விமானத்தில் ஏறுகிறவர்கள் காட்டிக்கொள்வது நல்லது.

அக்கா


செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு. சுகம். டாக்டரைப் பார்த்தேன். இரண்டும் போய்விட்டது என்று சீட்டில் எழுதிக் காட்டினார். எனக்கே தெரிந்ததுதான். போன செவ்வாய்க்கிழமை மில்லுக்குப் போனேன். மெஷின் நின்றிருக்கிறது என்று நினைத்துக் கையை வைக்கப் போனேன், மகன் ஓடிவந்து பிடித்து இழுத்தான். ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சிலேட்டு மறக்காமல் எடுத்து வா. இனி எனக்கும் அது வேண்டும்.

இருபதாம் தேதி வருகிறேன்.

தங்கை


நவம்பர் 12

தங்கைக்கு அக்கா எழுதிக்கொள்வது. நான் நலமாக வீடு வந்து சேர்ந்தேன். குளிரில் முழங்கால் மட்டும் பிடித்துக்கொண்டது. நீ சேர்ந்துவிட்டாய் என்று உன் மகன் வாலுவுக்குச் செய்தி அனுப்பினானாம்.

தீவு வாலு சொன்னதைவிட நன்றாகவே இருந்தது. மரமே இல்லாத ஊரை நான் பார்த்ததில்லை. எங்கே நின்றாலும் அடுத்த ஊர் வரைக்கும் தெரிகிறது, யாரும் யாரிடமிருந்தும் ஒளிய முடியாது. வெந்நீர்க் குளத்தில் கடைசியில் நீ இறங்கினாயே, அந்த அம்மாள் உன்னை இரண்டாம் தடவை தேய்க்கச் சொன்னதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

சரி. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு நாளில் ஏழு நாள் நான் உன் பக்கம் திரும்பவில்லை. எட்டாம் நாள் அருவிக்குப் பின்னால் நின்றபோது உன் தோளைப் பிடித்து நேராக நிறுத்திப் பேசினேனே, ஞாபகம் இருக்கிறதா? இல்லாமல் போகுமா? என் வாய் அசைவது உனக்குத் தெரிந்திருக்கும். வாலு காரில் இருந்தாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்களுக்கும் ஒன்றும் கேட்டிருக்காது, கேட்டாலும் அவர்களுக்கு நம் பாஷை தெரியாது. கால் மணி நேரம் பேசினேன். நீ தலையைத் தலையை ஆட்டினாய். என்ன பேசினேன் என்று கேட்டு எழுதாதே, சொல்லமாட்டேன்.

ஜூனுக்கே டிக்கெட் இருந்தது. ஆகஸ்டுக்கும் இருந்தது. உனக்கு இன்னும் பாஸ்போர்ட் வரவில்லை என்று வாலுவிடம் சொல்லித் தள்ளிப் போட்டவள் நான்தான். உனக்கு ஒளித்து எனக்கு என்ன ஆகப் போகிறது? கேட்டுக்கொள். அம்மா கண்ணை மூடும்போது அவள் குரல் என் காதில் விழாமல் பண்ணினாய். என் குரல் உன் காதில் விழாமல் நான் பண்ணினேன். நீ கேட்டபடி பேசியும் விட்டேன். சரிக்குச் சரி. இனி உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

வருகிற விடுமுறைக்கு உன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வா. வந்தால் பேசுகிறேன்.

அக்கா


டிசம்பர் 18

அக்காவுக்கு. நான் நலம். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது.

மாவு மில்லுக்கு நீ ஒரு நாளாவது வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. மெஷின் ஓடும்போது அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது. கோதுமையா மிளகாயா, நைசா கொரகொரப்பா, நாளைக்கு வரட்டுமா, எல்லாம் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மில் வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் அது வந்துவிடும். மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி முணுமுணுத்தால்கூட நான் படித்துவிடுவேன். முப்பத்தைந்து வருஷம் அக்கா. காது போனதிலிருந்து வீட்டில் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. என்னோடு பேசுகிற எல்லாருக்கும் அது தெரிந்ததுதான்.

"ஏன் சின்னப் பாட்டி, பாஸ்போர்ட் வர இவ்வளவு நாளாச்சா?" என்று முதல் நாள் விமான நிலையத்திலேயே வாலு கேட்டாள். அப்போதே எனக்குத் தெரியும். பிறகு அவள் கழுத்துத் துணியை வாய்வரை சுற்றிக்கொண்டாள், மற்றதைச் சிலேட்டில் எழுதினாள். நீ ஏழு நாளும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாய். தெரிந்துதான் வந்தேன், தெரிந்துதான் கூட இருந்தேன். கூட இருந்தால் போதும் என்றிருந்தது.

அருவிக்குப் பின்னால் நீ என்னைத் திருப்பி நிறுத்தினாய். நல்ல வெளிச்சம். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து.

"சேதி வந்துச்சுடி. மத்தியானம் மூணு மணிக்கே வந்துச்சு. இஸ்திரிக்காரர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்து சொன்னார். அஞ்சு மணிக்குக் கடைசி பஸ். காஜா ஊசியைக் கையிலே வைச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். பஸ் போயிடுச்சு. பதினோரு வருஷம் அம்மாவை என் வீட்டுல வைச்சுத் தலை வாரி விட்டவ நான். கடைசி நாலு மாசம் பார்த்த உன்னைத்தான் ஊரெல்லாம் புகழ்ந்தா. போனா உன் பேரைத்தான் கூப்பிடுவா, அதைக் காதால கேக்கணுமான்னு இருந்துச்சு. மறுநாள் உன் வாசல்ல எல்லாரும் என்னையே பார்த்தாங்க. ஏன் வரலைன்னு கேக்கப் போறாங்கன்னு பயந்து, எனக்குச் சொல்லவே இல்லைன்னு கத்திட்டேன். கத்தினதுக்கு அப்புறம் எப்படிடி திருப்புறது?"

இவ்வளவும் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் கழித்து, உன் கையால் எனக்கு எழுதியிருக்கிறாய், சரிக்குச் சரி என்று.

உன் கடிதம் வந்த மறுநாள் பஸ் ஏறி இஸ்திரிக்காரர் மனைவியைப் போய்ப் பார்த்தேன். அவர் பொய் சொன்னார் என்று உன் தெருவில் யாரும் துணி கொடுக்காமல் போனதால் கடையை வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்களே, அந்த இடத்தில்தான் இன்னும் இருக்கிறாள். சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "சாகிற அன்னிக்குக்கூட அவர், ‘நான் மேலே போய்ச் சொன்னேன், சொன்னேன்’னுதாம்மா சொல்லிக்கிட்டே இருந்தார். போதும், படுங்கன்னு நான்தான் வாயைப் பொத்தினேன்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

வேறு யாரிடமும் சொல்லவில்லை. என் மகளிடம்கூட இல்லை. உன் பிள்ளைகள் முன்னால் நீ தலைநிமிர்ந்தே இருந்துகொள்.

அருவிக்குப் பின்னால் நீ இன்னும் ஒன்று கேட்டாய். "அம்மா கடைசியா யாரைடி கேட்டா?" இரண்டு தடவை கேட்டாய். நான் தலையாட்டினேன். "எங்கே கேக்குது, பாவம்" என்று சொல்லிவிட்டு என் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுவிட்டாய்.

அம்மா யாரைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். என்ன சொன்னாள் என்றும் தெரியும். அப்போது அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன், வேறு யாரையும் விசாரித்து நீ தெரிந்துகொள்ள முடியாது. நேரில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இருபத்தொன்பது வருஷம் வைத்திருந்தேன். என் காது போவதற்குள் நீ என்றைக்குப் பேசியிருந்தாலும் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

இனி சொல்லமாட்டேன். எழுதவும் மாட்டேன்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. மாத்திரையை நிறுத்திவிடாதே. வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல், நீ இன்னும் ரொம்ப வருஷம் இருக்க வேண்டும்.

தங்கை